கடலும் குத்தகையும்: புத்தளக் கரையில் ஒரு வரிமுறையின் வரலாறு

தெற்கே வென்னப்புவையிலிருந்து சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி வழியாக வடக்கே காரைத்தீவு வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரம் உப்பு, மீன், முத்து, தென்னை என்ற நான்கையும் நம்பி வாழ்ந்த நிலப்பகுதியாகும். இந்த நான்கிலிருந்தும் தனக்குச் சேர வேண்டிய பங்கை அரசு தன் ஆட்களைக் கொண்டு தானே வாங்குவதா, அல்லது ஒருவரிடம் மொத்தத் தொகை பேசிக்கொண்டு வாங்கும் உரிமையை அவரிடம் விட்டுவிடுவதா என்ற கேள்வி, ஒல்லாந்தர் காலம் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இக்கரையை ஆண்ட ஒவ்வோர் ஆட்சிக்கும் முன்னால் நின்றது. இரண்டாவது வழியை ஆங்கிலேய அதிகாரிகள் தம் ஏடுகளில் ‘ஃபார்ம் அவுட்’ என்ற தொடர்வினையால் குறித்தனர். தமிழில் அது குத்தகைக்கு விடுதல். முதல் வழிக்குத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வழங்கிய வருவாய்த்துறைச் சொல் அமானி, அதாவது இடையில் குத்தகைக்காரர் எவருமின்றி அரசு தன் பொறுப்பிலேயே நடத்தும் முறை. குத்தகைக்கும் அமானிக்கும் இடையில் இக்கரையின் வருவாய்கள் மாறி மாறிச் சென்ற விதத்தைப் பார்த்தால், அரசு எதை வெளியே விட்டது, எதைத் தன் கையில் வைத்துக்கொண்டது என்பது மட்டுமன்றி, எந்தக் கணக்கின்படி அவ்வாறு பிரித்தது என்பதும் புலப்படும்.

‘ஃபார்ம்’ என்றதும் இன்றைய வாசகருக்குப் பண்ணையும் பயிரும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அச்சொல்லின் பழைய பொருளில் உழவுக்கு இடமில்லை. இடைக்கால இலத்தீனில் ‘ஃபிர்மா’ என்றால் மாறாத தொகையாக நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் என்று பொருள். அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கும் வாடகையையும் வரிக்குத்தகையையும் குறித்தது. அவ்வாறு வாடகை பேசி எடுத்த நிலம் ‘ஃபார்ம்’ எனப்பட்டதும், அந்நிலத்தில் பயிரிடுவது ‘ஃபார்மிங்’ எனப்பட்டதும் பின்னர் வந்த வளர்ச்சிகள். வினையாக வரும்போது இச்சொல்லில் ஓர் இடர்ப்பாடு இருந்தது: வரியைக் குத்தகைக்கு எடுத்தவரும் ‘ஃபார்ம்’ செய்தார், குத்தகைக்குக் கொடுத்த அரசும் ‘ஃபார்ம்’ செய்தது. ‘அவுட்’ என்ற சிறுசொல் சேர்ந்தபோதுதான், கொடுப்பவரின் செயல் எடுப்பவரின் செயலிலிருந்து ஐயமின்றிப் பிரிந்தது. ஒரு வினையோடு இத்தகைய சிறுசொல் சேர்ந்து ஒரே வினையாக நின்று பொருளைத் திருப்பும் அமைப்பை ஆங்கில இலக்கணத்தார் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்பர். தமிழ் இதே வேலையைத் துணைநிற்கும் வினையைக் கொண்டு செய்கிறது. குத்தகைக்கு விட்டவர் யார், எடுத்தவர் யார் என்பதில் புத்தளத்துத் தென்னந்தோட்டக்காரருக்கு இன்றும் குழப்பம் வருவதில்லை.

முறை பழமையானது. கி.மு. 123இல் கையஸ் கிராக்கஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி, ரோமர்களின் ஆசிய மாகாணத்து வரிகளை வசூலிக்கும் உரிமை ரோமிலேயே ஏலம் விடப்பட்டது. பிரான்சில் உப்பு, புகையிலை முதலியவற்றின் வரிகளைக் குத்தகைக்கு எடுத்த செல்வர் குழுவில் ஒருவராக இருந்ததே வேதியியலாளர் லவாய்சியேவைக் கொலைக்களத்துக்குக் கொண்டு சென்றது. 1794 மே 8ஆம் நாள் அவரும் அவருடைய சக குத்தகைக்காரர்களும் கில்லட்டினில் உயிரிழந்தனர். வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் நிலவரியை ஐந்தாண்டுக் குத்தகைக்கு விட்டார். இங்கிலாந்தின் உள்ளேயே, ஊராட்சிகள் தம் பராமரிப்பில் இருந்த ஏழைகளைக் குறைந்த தொகை கேட்ட ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தபோதும் இதே தொடர்வினை பயன்பட்டது. ஆளுக்கு ஆள், நாட்டுக்கு நாடு பொருள் வேறுபட்டாலும், ஒரு பொறுப்பு விலை பேசப்பட்டு வேறொருவர் கைக்குப் போகிறது என்பதே எங்கும் பொதுவான கூறு.

ஒல்லாந்தர் காலம்

கற்பிட்டி 1659இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் கைக்கு வந்தது. புத்தளம் களப்பின் வாயிலைக் காக்கும் கோட்டை 1667க்கும் 1676க்கும் இடையில் எழுந்தது. எனினும் புத்தளமும் அதன் பின்னிலமும் நெடுங்காலம் கண்டி அரசரின் ஆளுகையிலேயே இருந்தன. 1766 பெப்ரவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிறகே இலங்கையின் கரையோரம் முழுவதும் கும்பனிக்கு உரியதாயிற்று. அப்போதும் மலைநாட்டவர் இக்கரையிலிருந்து உப்பு எடுத்துச் செல்ல அந்த ஒப்பந்தம் இடம் வைத்தது. கடலற்ற கண்டி அரசுக்கு உப்பு எத்தகைய தேவை என்பதைக் கும்பனி நன்கு அறிந்திருந்தமையால், உப்பை அது வெறும் வருவாயாக அன்றி அரசியல் கருவியாகவும் கையாண்டது.

மீன், சாராயம், சந்தை போன்றவற்றின் வரிகளை ஒல்லாந்தர் ஆண்டுதோறும் ஏலத்தில் விட்டனர். வணிகக் கும்பனிக்கு இம்முறை பொருந்தியதில் வியப்பில்லை. ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு சந்தையிலும் தன் ஊழியரை நிறுத்தினால் சம்பளமும் செலவாகும், ஊழியர் கையாடினால் நட்டமும் வரும். குத்தகையில் ஆண்டின் தொடக்கத்திலேயே வருமானம் எவ்வளவு என்று கணக்கில் எழுதிவிடலாம். முத்துக்குளிப்பில் மட்டும் கும்பனி தயங்கியது. தொடக்கத்தில் குளியாளிகள் கடலில் இறங்கப் பயன்படுத்தும் கல்லைக் கணக்கிட்டு, கல்லுக்கு இவ்வளவு என்று வரி வாங்கப்பட்டது. 1736 முதல் 1740 வரை தேசாதிபதியாயிருந்த வான் இம்ஹோஃப் முத்துக்குளிப்பையும் குத்தகைக்கு விடலாம் என்று கருத்துரைத்தார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் பார்கள் எனப்படும், சிப்பிகள் வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளின் மீது உரிமை கொண்டாடிய ஆர்க்காட்டு நவாபுடன் எழுந்த பங்குத் தகராறும் சிப்பி இல்லாமையும் சேர்ந்துகொள்ள, 1768க்குப் பின் ஒல்லாந்தர் ஆட்சி முடியும் வரை குளிப்பே நடைபெறவில்லை. விடுவதற்கு உரிமை இருந்தும் விடப்படுவதற்குப் பொருள் இல்லாத அந்த நீண்ட இடைவெளி, பின்வந்த ஆட்சியாளருக்கு ஒரு பாடமாயிருந்திருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து வந்த அமில்தார்கள்

1795 நவம்பரில் கற்பிட்டியும் அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கொழும்பும் பிரித்தானியர் வசமாயின. கரையோரத்தை நிர்வகிக்கும் பொறுப்பு முதலில் சென்னையிலிருந்த ஆங்கிலக் கும்பனிக்குச் சென்றது. அதன் வருவாய் அதிகாரி ராபர்ட் ஆண்ட்ரூஸ், உள்ளூர்த் தலைமைக்காரர்களான முதலியார்களின் இடத்தில் சென்னைப் பகுதியிலிருந்து அமில்தார்களைக் கொண்டுவந்து வைத்தார். அமில்தார் என்பவர் ஒரு வட்டாரத்தின் வரியை வசூலிக்கும் அதிகாரி. வரிகள் குத்தகைக்குப் போயின. தென்னை மரங்களுக்கும் வரி விதிக்கப்பட்டது. ஊரைத் தெரியாத வெளியாட்கள், குறுகிய காலத்துக்குள் தாம் செலுத்திய தொகையையும் இலாபத்தையும் மீட்டாக வேண்டிய நெருக்கடியில் வசூலில் இறங்கியபோது 1797இல் கரையோரத்தில் கலகம் மூண்டது. தளபதி தெ மியூரோன் தலைமையில் அமைந்த குழு விசாரித்து, அமில்தார் முறையைக் கைவிட்டு முதலியார்களை மீண்டும் நிறுத்தும்படி பரிந்துரைத்தது. 1798 ஒக்டோபரில் தேசாதிபதி ஃபிரெடெரிக் நோர்த் வந்து சேர்ந்தார். 1802இல் கரையோரம் கும்பனியின் பிடியிலிருந்து விலகி முடிக்குரிய குடியேற்றநாடாயிற்று.

இக்கலகத்திலிருந்து அரசு கற்றது குத்தகையை ஒழிக்க வேண்டும் என்பதை அன்று; குத்தகைக்காரர் உள்ளூரில் வேரூன்றியவராக இருக்க வேண்டும் என்பதையே. அதன் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள், நெல்வரி, மீன்வரி, துறைக்கட்டணம், சாராயம் எனப் பல வருவாய்கள் கச்சேரியில் ஏலம் விடப்பட்டன. கச்சேரி என்பது மாவட்டத்தின் வருவாய் அலுவலகம். 1845இல் வடமேல் மாகாணம் உருவானபோது அதன் தலைமையிடமாகப் புத்தளமே இருந்தது, 1856இல்தான் அந்த இடம் குருநாகலுக்குச் சென்றது.

ஏல நாளில் விற்பனை நிபந்தனைகள் முதலில் வாசிக்கப்படும். எந்த வட்டாரத்தின் எந்த வரி, எத்தனை மாதத்துக்கு, எத்தனை தவணையில் பணம் கட்ட வேண்டும் என்பன அதில் அடங்கும். அதிகத் தொகை கேட்டவர் முற்பணம் கட்டி, பிணையாளிகளைக் காட்டி, நிலமோ தோட்டமோ ஈடு வைத்துக் கைச்சாத்திடுவார். தவணை தவறினால் குத்தகை மறு ஏலத்துக்கு வரும். மறு ஏலத்தில் விலை குறைந்தால் அந்தக் குறையை முதற் குத்தகைக்காரரின் ஈட்டிலிருந்து அரசு எடுத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்கக் கேட்பவர்கள் முன்கூட்டியே தமக்குள் பேசிவைத்து விலையைத் தாழ்த்துவதும், எடுத்தவர் தம் வட்டாரத்தைத் துண்டு துண்டாக்கிச் சிறு குத்தகைக்காரரிடம் மீண்டும் விடுவதும் வழக்கமாயின. இவ்வாறு ஒரு வரி, அரசிடமிருந்து புறப்பட்டு அதைச் செலுத்தும் குடியானவரின் முற்றத்தை அடைவதற்குள் இரண்டு, மூன்று இலாபங்களைச் சுமந்துகொண்டது.

அறிவிப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது; கேட்பவர்கள் தமிழும் சிங்களமும் பேசினர்; ‘ஏலம்’, மதுக்கடையைக் குறிக்கும் ‘தவறணை’ முதலிய சொற்கள் போர்த்துக்கேயர் காலத்திலேயே இக்கரையின் பேச்சில் கலந்துவிட்டிருந்தன. எனவே, மொழிபெயர்ப்பாளர் இன்றிக் கச்சேரி இயங்கவில்லை. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி இளவயதில் புத்தளத்தில் அத்தகைய மொழிபெயர்ப்பாளராகத்தான் அரச சேவையில் நுழைந்து, பின்னர் மணியகாரராகவும் முதலியாராகவும் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் சிலாபத்தில் நீதிபதியாகவும் உயர்ந்தார். 1834இல் அவர் வெளியிட்ட இலங்கை இடவிளக்க அகராதியும் 1859இல் வந்த ‘தமிழ் புளூராக்’ நூலும், நிர்வாகத்தின் ஆங்கிலத்தையும் ஊரின் வழக்குகளையும் ஒருசேர அறிந்த ஒரு தலைமுறை இக்கரையில் உருவாகியிருந்ததைக் காட்டுகின்றன.

மீனும் உப்பும்

மீன்வரியைக் குத்தகைக்கு விடுவது எளிது, வசூலிப்பது கடினம் என்பதைக் கரைவலையின் இயல்பிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். கரைவலையில் கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு, தோணி அரைவட்டமாகக் கடலைச் சுற்றி வலையை இறக்கி, மறு நுனியைச் சற்றுத் தொலைவில் கரைசேர்க்கும். இரு பக்கமும் ஆட்கள் அணிவகுத்து, அம்பா பாடி, மணிக்கணக்கில் கயிற்றை இழுப்பர். வலையின் நடுவிலுள்ள மடி எனப்படும் பை கரையில் வந்து விழும் வரை, உள்ளே இருப்பது நூறு கூடை நெத்தலியா, கடற்பாசியும் சொறியும்தானா என்பது எவருக்கும் தெரியாது. வந்த மீனோ சில மணி நேரத்துக்குள் விற்றாக வேண்டியது. தவறினால் கருவாட்டுக்குப் போகும். நீண்ட கரையில் எங்கெங்கோ, எந்நேரத்திலோ நிகழும் இந்தப் பிடிப்புகளில் அரசின் பங்கை அளந்து வாங்க ஒவ்வொரு வாடியிலும், அதாவது மீனவர் தங்கித் தொழில் செய்யும் ஒவ்வொரு குடிசைத் தொகுதியிலும், ஓர் ஊழியர் காத்திருக்க வேண்டும். குத்தகைக்காரரின் ஆள் அந்த வேலையைச் செய்தார். மீனவருக்கும் அவருக்கும் இடையில் எழுந்த பூசல்களுக்கு அரசு நடுவராக நிற்க முடிந்தது. வசூலித்தவராக நின்றிருந்தால் பூசலின் ஒரு தரப்பாகியிருக்கும்.

இலங்கையின் நிர்வாகத்தை ஆராய்ந்த கோல்புறூக் ஆணைக்குழுவின் அறிக்கைகளுக்கும் 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கும் பிறகு மீன்வரி தளர்ந்து, காலப்போக்கில் கைவிடப்பட்டது. எனினும் முறை அழியவில்லை. கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் பிடிபடும் மீனில் ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பங்கை வாங்கும் உரிமையைக் கோயிலும் ஏலத்தில் விட்டது. அரசிடமிருந்து கற்ற பழக்கம் என்பதைவிட, நாள்தோறும் மாறும் வரவை ஆண்டுக்கு ஒரு தொகையாக மாற்றிக்கொள்ள வேறு வசதியான வழி இல்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

உப்பின் கதை இதற்கு நேர்மாறானது. புத்தளம் களப்பின் ஓரத்து அளங்களில் மழை ஓய்ந்த மாதங்களில் களப்பு நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் இறுகவிட்டு, உறைந்த உப்பை வாருவர். இடம் மாறாது, வாரும் காலமும் ஏறக்குறைய முன்கூட்டியே தெரியும், வாரிய உப்பைக் குவித்து வைத்துக் காவல் போடலாம், நெடுநாள் கெடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் அரசு உப்பைத் தன் தனியுரிமையாக வைத்துக்கொண்டது. அளக்காரர் உப்பை விளைவித்து அரசு குறித்த விலைக்கு அரசிடமே ஒப்படைத்தனர். அரசு களஞ்சியத்தில் சேர்த்துப் பன்மடங்கு விலைக்கு விற்றது. உப்பின்றி எவரும் வாழ முடியாது என்பதால் இந்த வருமானம் ஏறுவதும் இறங்குவதும் குறைவு. காவல் எளிதாகவும் வரவு உறுதியாகவும் இருந்த ஒன்றை இன்னொருவரிடம் விட்டு அவருக்கு இலாபம் கொடுக்க அரசுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

முத்துப் பார்களின் சூது

உறுதியின்மையின் மறு கோடியில் முத்து இருந்தது. மன்னார் வளைகுடாவின் பார்கள் அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் எதிரேயுள்ள பெரும் பார்களிலிருந்து காரைத்தீவுக்கு எதிரேயுள்ள முத்துவரத்துப் பார், சிலாபத்துக்கு எதிரேயுள்ள பார் எனத் தெற்கு நோக்கித் தொடர்கின்றன. சிப்பி முத்துத் தரும் பருவத்தை அடையச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் நீரோட்டத்தாலோ மணல் மூடியோ மீன்கள் தின்றோ ஒரு பார் முழுவதும் வெறுமையாகிவிடும். மறுபுறம், நல்ல ஆண்டில் கிடைக்கும் வருமானம் மற்றெல்லா வரிகளையும் மிஞ்சும்.

ஆட்சியைக் கைப்பற்றிய உடனேயே 1796 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பிரித்தானியர் முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு விட்டுப் பெரும்பணம் ஈட்டினர். 1804இல் 150 தோணிகளுடன் 30 நாள் குளிக்கும் உரிமை மூன்று இலட்சம் பரங்கிப்பேட்டைப் பகோடாக்களுக்கு, அதாவது 1,20,000 பவுணுக்கு விடப்பட்டது. குத்தகைக்காரருக்கு இருந்தது முப்பது நாள் மட்டுமே. அந்த நாட்களில் காற்று மாறினால், குளியாளிகள் நோயுற்றால், சிப்பியில் முத்துக் குறைந்தால் நட்டம் அவருடையது. காலப்போக்கில் அரசு அமானிக்கு மாறியது: பார் மேற்பார்வையாளர் சிப்பியைச் சோதித்து நாள் குறிப்பார், கரையேறிய சிப்பி கொட்டு எனப்படும் அடைப்புக்குள் பங்கிடப்படும், முக்கால் பங்கு அரசுக்கும் கால் பங்கு குளியாளிகளுக்கும் தோணிக்காரருக்கும் போகும், பிற்காலத்தில் தொழிலாளர் பங்கு மூன்றில் ஒன்றாக உயர்ந்தது. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக அன்றன்று மாலையே ஏலம் விடப்பட்டமையால், சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்ற சூது வாங்கிய வணிகரோடு போயிற்று. அமானி என்று பெயர் இருந்தாலும் நட்டத்தின் ஒரு பகுதி நாள்தோறும் வெளியே சென்றுகொண்டுதான் இருந்தது.

1905ஆம் ஆண்டுக் குளிப்பு அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் ஈட்டித் தந்தது. அதுவரை காணாத தொகை அது. உயிரியலாளர் ஹெர்ட்மன் பார்களை ஆராய்ந்து, சிப்பிகளை இடம் பெயர்த்து வளர்க்கலாம் என்ற நம்பிக்கையையும் ஊட்டியிருந்தார். அந்த நம்பிக்கையின் உச்சத்தில், 1906இல், இலண்டனில் அமைந்த ஒரு முத்துக்குளிப்புக் கும்பனிக்குப் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். பெருவருவாய் தரும் பொருளை அரசு மலிவாகக் கொடுத்துவிட்டதாக அன்று எழுந்த குற்றச்சாட்டை அடுத்து வந்த ஆண்டுகளே பொய்யாக்கின. 1907க்குப் பின் குளிக்கத் தகுந்த சிப்பி இல்லாமற் போக, வெறுங்கடலுக்கு வாடகை கட்டிய கும்பனி குத்தகைக் காலத்தின் பாதியைக்கூட எட்டாமல் கலைந்தது. அடுத்த குளிப்பு 1925இல்தான், அதுவும் அமானியாகவே, நடந்தது. பேரத்தில் தோற்றவர் யார் என்பதைப் பார்கள் தீர்மானித்தன; ஆனால் தோல்வியைச் சுமக்கப்போகிறவர் யார் என்பதை 1906ஆம் ஆண்டு உறுதி முன்பே எழுதி வைத்திருந்தது.

தவறணையும் குத்தகையின் முடிவும்

உறுதியான வருமானமாயிருந்தும் நெடுங்காலம் வெளியே விடப்பட்டது சாராயம். சிலாபம் முதல் மாதம்பை வரை பரந்த தென்னந்தோட்டங்களில் எந்த மரத்தில் கள் இறக்கப்படுகிறது, எந்தக் கொட்டிலில் வடிக்கப்படுகிறது என்று கண்காணிக்க அரசிடம் ஆள் இல்லை. சாராயக் குத்தகைக்காரர் தம் விற்பனையைக் காக்கத் தாமே ஒற்றர்களை வைத்துக் கள்ளச்சாராயத்தைப் பிடித்துக் கொடுத்தார். அரசின் காவல் வேலை இவ்வாறு செலவில்லாமல் நடந்தது. ஒரு வட்டாரத்தின் தவறணைகள் அனைத்தும் ஏலத்தில் ஒருவர் கைக்கு வந்தன. இதில் திரண்ட இலாபம் தென்னை, காரீயம், கொழும்புச் சொத்துகள் என முதலீடாகி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு புதிய செல்வர் வகுப்பை உருவாக்கிய விதத்தைக் குமாரி ஜயவர்தன 2000இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டுகிறது.

மது வியாபாரத்தின் பழியும் அந்தக் குத்தகைக்காரரின் தலையிலேயே விழுந்தது. ஆனால் 1904இல் எழுந்து 1912இல் வலுப்பெற்ற மதுவிலக்கு இயக்கம், தவறணைக்காரரைத் தாண்டி, தவறணையை ஏலம் விட்ட அரசையே நோக்கிக் கேள்வி எழுப்பியது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தோடு பழைய மொத்தக் குத்தகை முறை முடிவுக்கு வந்து, மதுவரித் திணைக்களம் கண்காணிப்பை ஏற்றது. நெல்வரி அதற்கு முன்பே, 1892இல், தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில் நீங்கியிருந்தது. சம்பளம் பெறும் அதிகாரிகளும் சாலைகளும் தந்தியும் பெருகிய அரசுக்கு, இடையில் நிற்பவரின் இலாபம் வீண்செலவாகத் தோன்றத் தொடங்கியதே இம்மாற்றத்தின் அடிப்படை.

புதிய குத்தகைகள்

வரிக்குத்தகை மறைந்த பின்னும் ‘ஃபார்ம் அவுட்’ என்ற தொடர்வினை மறையவில்லை. தன்னிடம் வந்த வேலையை வெளியாரிடம் பிரித்துக் கொடுப்பது என்பதே இன்று அதன் பெருவழக்கான பொருள். எண்ணெய்த் தொழிலில் அதற்கு இன்னும் நுட்பமான பொருள் உண்டு: ஆய்வு உரிமம் பெற்ற கும்பனி, துளையிடும் செலவை ஏற்கும் வேறொரு கும்பனிக்கு அந்த உரிமத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது. மன்னார் படுகையில் 2008இல் ஆய்வு உரிமம் பெற்ற கெய்ர்ன் கும்பனி 2011இல் இரு கிணறுகளில் இயற்கை வாயு இருப்பதைக் கண்டறிந்து, உற்பத்தி தொடங்காமலே 2015இல் வெளியேறியது. முத்துப் பார்களுக்கு அப்பாலுள்ள அதே கடலில், நிச்சயமற்ற ஒரு செல்வத்தைத் தேடும் செலவை அரசு மீண்டும் வெளியாரிடமே விட்டிருந்தது.

பயிரிட்டுப் பயிரிட்டு நிலத்தின் வளத்தைத் தீர்த்துவிடுவது என்ற மற்றொரு பொருளும் இத்தொடர்வினைக்கு உண்டு. 1980களில் முந்தல் களப்பையும் ஒல்லாந்தர் வாய்க்காலையும் ஒட்டிப் பெருகிய இறால் பண்ணைகள், ஒரே நீரை எடுத்து அதே நீரில் கழிவை விட்டமையால், 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது ஒன்றின் பின் ஒன்றாக வீழ்ந்தன. வெட்டிய குளங்கள் பல கைவிடப்பட்டன. கண்டல் மரங்கள் இருந்த இடத்தில் உப்புப் படிந்த தரை மிஞ்சியது. எஞ்சிய பண்ணைகள் வலயம் பிரித்து, முறை வைத்து வளர்க்கும் ஒழுங்குக்குப் பின்னர் வந்தன. 2000களின் பிற்பகுதியில் கற்பிட்டிக் குடாநாட்டையும் அதைச் சூழ்ந்த 14 தீவுகளையும் முதலீட்டாளருக்குக் குத்தகைக்கு விடும் சுற்றுலாத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, அத்தீவுகளில் வாடி அமைத்துத் தொழில் செய்த மீனவர்கள் எதிர்த்தனர்.

அவர்களுடைய எதிர்ப்பு இந்த நெடிய வரலாற்றில் புதிய ஒன்றைச் சேர்க்கிறது. ஒல்லாந்தர் காலத்திலிருந்து அரசு வெளியே விட்டவற்றை வரிசைப்படுத்தினால், வரவு நிச்சயமற்றதாகவோ, காவல் கடினமானதாகவோ, வசூல் பழி தருவதாகவோ இருந்தவையே அதில் முதலிடம் பெறுகின்றன. உறுதியும் எளிமையும் சேர்ந்திருந்த உப்பு அரசின் கையில் தங்கியது. குத்தகை உறுதியில் இரு தரப்புகளே கைச்சாத்திட்டன, விட்டவரும் எடுத்தவரும். கயிறு இழுத்தவர், கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவர், பாத்தியில் உப்பு வாரியவர் ஆகியோரின் பங்கு அந்த இருவரும் பேசி முடித்த கணக்கில் ஒரு வரியாக மட்டுமே இடம்பெற்றது. தீவுகள் குத்தகைக்கு வந்தபோது கற்பிட்டி மீனவர் கேட்டது குத்தகைத் தொகையைக் கூட்டச் சொல்லி அன்று. தம்மைக் கேட்காமல் அந்தக் கரையை விடும் உரிமை அரசுக்கு எப்படி வந்தது என்றே கேட்டனர். முந்தைய நூற்றாண்டுகளின் எந்த விற்பனை நிபந்தனையிலும் இடம்பெறாத அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் இனி இக்கரையில் எழுதப்படும் எந்தக் குத்தகையும் நிறைவானதாகாது.